துய்மா வீதியில் ஒரு பச்சைக் கதவு

பாண்டிச்சேரிக்குப் போய் வந்தேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். உடனே ஒரு நமுட்டுச் சிரிப்பு. "என்ன சரக்கு?" என்பார்கள். சத்தியமாக நான் கடற்கரையில் காற்று வாங்கத்தான் போனேன் சார்! நம்பினால் நம்புங்கள்.

சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் சுமார் 150 கிலோமீட்டர். என் பழைய மாருதியில் நானும் நண்பனும் போய்ச் சேர்ந்தபோது, சனிக்கிழமை மாலை ஆறாகப் பத்து நிமிடம். பீச் ரோட்டில் சாயங்காலம் 6 மணிக்குத் தடுப்பை வைத்துவிடுவார்கள். காலை 7.30 வரை வண்டிகளுக்கு அங்கே வேலையில்லை. சாலைக்குப் பெயர் குபேர் அவென்யூ. செல்வத்துக்கு அதிபதியான குபேரன் இல்லை, பாண்டிச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேர்.

கார் நிறுத்த இடம் தேடினோம். கடற்கரைக்கு அடுத்த இணைத் தெரு துய்மா வீதி. இரண்டு பக்கமும் வண்டிகள், நடுவில் இடத்துக்கு அலையும் இன்னும் பத்துக் கார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகத்தான் வீதிகளை அமைத்தார்கள். அகலம் மட்டும் நம் வண்டிகளுக்குப் போதவில்லை. உயரமான மதில், பூட்டிய மாதிரி ஒரு பச்சைக் கதவு. "ஆளில்லாத வீடுடா, போடு!" என்றான் நண்பன். போட்டேன்.

பீச் ரோடு... அடடா! ஹாரன் இல்லை, புகை இல்லை. நடுரோட்டில் குழந்தைகள் ஓடுகின்றன, பெற்றவர்கள் பதறவில்லை. காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் என்று மூன்று ரவுண்டு அடித்தோம். பாறையில் அலை மோதும் சத்தம் ரோட்டின் இந்த ஓரம் வரை கேட்டது. எல்லா ஊரிலும் இப்படி ஒரு ரோட்டை மூடினால் என்ன என்று நண்பன் பிரசங்கமே செய்தான்.

எட்டரைக்குத் திரும்பினால், பச்சைக் கதவு திறந்திருந்தது. தெருமுனையில் ஒரு ஆட்டோ. அதற்கு மேல் உள்ளே வர வழியில்லை. ஆட்டோக்காரரும் ஒரு பையனும் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். முழங்காலில் பெரிய கட்டு. வாசலில் என் கார் மறித்து நிற்க, நாற்காலியைச் சாய்த்து, இடுக்கில் நுழைத்து... பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய் ஒரு காலைப் பிடித்தேன். நாற்காலியின் காலைத்தான்!

"உங்க வண்டியா தம்பி?"

"ஆமாங்கய்யா... மன்னிச்சுக்குங்க."

"பரவால்ல. பீச்சுல காத்து நல்லா இருந்துச்சா?"

திட்டியிருந்தால் தேவலை.

உள்ளே உட்கார வைத்ததும் அவரே சொன்னார்: "ரோட்டைத் திறந்துவிடச் சொல்லலப்பா. ஆபரேஷனுக்கு முன்னாடி நானும் தினம் அங்கதான் நடப்பேன். ஆனா ஒரு ரோட்டை மூடினா, அங்க வர்ற வண்டி மாயமா மறைஞ்சா போகும்? எங்க வாசலுக்கு வருது. எங்கே நிறுத்தணும்னு முதல்ல வழி பண்ணிட்டு, அப்புறம் மூடணும். தெருக்காரன் வீட்டுக்குள்ள போக வர வழி விடணும். அவ்வளவுதான்."

நான் பி.காம். ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியே ஆக வேண்டும் என்று மூன்று வருடம் படித்தவன். பீச் ரோட்டில் நான் வாங்கிய காற்று வரவு. பற்று, அந்தப் பெரியவர் கணக்கில். இது மண்டையில் ஏற ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தேவைப்பட்டது.

வெளியே வந்து கதவைச் சாத்தும்போதுதான் பார்த்தேன். 'வண்டி நிறுத்தாதீர்கள்' என்று பலகை இருந்தது. என் கார்தான் அதை மறைத்துக்கொண்டு நின்றிருந்தது.

அடுத்த மாதம் மறுபடி போனேன், பஸ்ஸில். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விட்டேன். துய்மா வீதியில் பச்சைக் கதவு முன்னால் வேறொரு கார் நின்றிருந்தது. டிரைவர் சீட்டில் இருந்த இளைஞன் இறங்கப் போனான்.

"தம்பி, உள்ளே ஆள் இருக்காங்க" என்றேன்.

என்னை வீட்டுக்காரர் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. மறுபேச்சில்லாமல் வண்டியை எடுத்தான்.