எளிமையும் ஓர் அமானிதமே

கணிப்பொறியை இயக்கியவுடன் அதனுள் முதலில் எழுந்து நிற்பவர் யார்? யூனிக்ஸ் நெறியில் அமைந்த இயக்க முறைமைகளில் கெர்னல் எனும் கருநிரல் விழித்ததும் ‘இனிட்’ என்னும் நிரலை எழுப்புகிறது. அதன் செயல் எண் 1. ஏனைய பணிகள் அதன் வழியாகவே எழுகின்றன. அது வீழ்ந்தால் முறைமையே நின்றுவிடும்.

இத்துணைப் பொறுப்புடைய நிரல் எத்தகையதாதல் வேண்டும்? 2014இல் டெபியன் அமைப்பினை இவ்வினா உலுக்கிற்று. தொழில்நுட்பக் குழுவினர் எண்மரும் சமமாகப் பிளவுபட, தலைவரின் தீர்மான வாக்கால் சிஸ்டம்டி வென்றது. ஏற்காதோர் பிரிந்து டெவுவான் கண்டனர்; அதன் முதற்பதிப்பு 2017இல் வெளிவந்தது.

சிஸ்டம்டியைப் பழிப்பது நம் நோக்கமன்று. பணிகளின் முன்பின் வரிசையைக் காத்தல், கிளைச்செயல்களைக் கண்காணித்தல், நிகழ்வுகளைப் பதிவு செய்தல் என அது ஆற்றுவன பல. வழங்கிகள் பலவற்றை ஆள்வோர்க்கு அது பெருந்துணையே.

நம் துறையில் இருப்பதோ ஒரு பழைய கணிப்பொறி. அரபுத்தமிழ் நூல்களின் ஒளிவருடல் படிகளை மாணவர்க்கு வழங்குவதே அதன் வேலை. ஆதலின் வாய்ட் லினக்ஸையும் அதிலுள்ள ரன்னிட்டையும் தேர்ந்தோம். ரன்னிட்டின் நிலைகள் மூன்றே: எழுதல், பணிபுரிதல், அடங்குதல். ஒவ்வொரு பணிக்கும் ஒரு கோப்புறை. அதனுள் ‘ரன்’ எனும் கோப்பு, பெரும்பாலும் சில வரிகளே. பணி நின்றுபோனால் ரன்னிட் மீண்டும் எழுப்பும். முன்பின் வரிசையை அது தானே காவாது என்பது குறைதான். ஒரு பணிக்கு மற்றொன்று முன்னதாக வேண்டுமெனின், அந்தச் சோதனையை நாமே அக்கோப்பில் எழுதுதல் வேண்டும்.

சென்ற ஆண்டு வன்தட்டினை மாற்றியபின் கோப்புப் பகிர்வு எழவில்லை. இளங்கலைத் தமிழ் மாணவி ஒருவர் அக்கோப்பைத் திறந்து படித்து, “ஐயா, இதில் பழைய தட்டின் பாதை இருக்கிறது” என்று காட்டித் திருத்தினார். கணிப்பொறி இயல் பயிலாதவர் அவர். படித்தால் புரியும்படி அது எழுதப்பட்டிருந்தது, அவ்வளவே.

நாளை நாம் இவ்விடத்தில் இல்லாதிருக்கலாம். நூற்படிகளை ஒப்படைப்பதோடு நம் அமானிதம் நிறைவுறாது. அவற்றைத் தாங்கும் பொறியைப் பழுதுபார்க்கும் வழியையும் அடுத்தவர் கையில் சேர்த்தல் வேண்டும். எளிமையை நாம் தேர்ந்தது அதன்பொருட்டே.