புதுப்பாளையத்து ராட்டை

மார்த்தாண்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு சேலம் என்றால் மாம்பழமோ வெள்ளிக் கொலுசோ நினைவுக்கு வருவதில்லை, ஒரு மனிதரின் முகம்தான் வரும். 2015 ஜூலை 31 அன்று, எங்கள் ஊரை ஒட்டிய உண்ணாமலைக்கடையில், டாஸ்மாக் கடையை மூடச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறி நின்றார் காந்தியவாதி சசிபெருமாள். அன்றே உயிர் பிரிந்தது. அவர் சேலம் மாவட்டம் இடங்கணசாலைப் பக்கம் மேட்டுக்காட்டுக்காரர். எங்கள் ஊர்க் கடையை மூட அத்தனை தூரத்திலிருந்து ஒருவர் ஏன் வந்தார் என்ற கேள்வி அன்றிலிருந்து எனக்குள் கிடந்தது. இந்தத் தை மாதம்தான் கிளம்ப முடிந்தது.

அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்றும் உண்டு. சித்தப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில் சித்தி, கைக்குழந்தையோடு எங்கள் அடுக்களையில் வந்து படுத்துக்கொள்வாள். அம்மா எதுவும் கேட்காமல் பாயை விரிப்பாள். சித்திக்கு ஓடி வர ஒரு அக்கா வீடு இருந்தது. அது இல்லாதவர்கள் எங்கே போய்ப் படுத்தார்கள்?

நாகர்கோவிலில் மாலை ரயில் ஏறினால், கரூரைத் தாண்டி, காவிரியைக் கடந்து, நாமக்கல்லில் இறங்கும்போது இருட்டு கலைந்திருக்காது. எங்கள் பக்கம் ரப்பரும் தென்னையும் கண்ணை மறித்துக்கொண்டே இருக்கும். இங்கே வெளிச்சம் ஏற ஏற நிலம் விரிந்துகொண்டே போனது. சோளத்தட்டை அறுத்த காடுகள், அங்கங்கே பனை, தொலைவில் கோழிப்பண்ணைகளின் நீளக் கூரைகள், ஊர் நடுவே ஒற்றைப் பாறை, அதன் உச்சியில் கோட்டை. பாறையடியில் 18 அடி உயர ஆஞ்சநேயர் நிற்கிறார். அவர் தலைக்கு மேல் கூரை கிடையாது, வெயிலும் மழையும் நேராக அவர்மேல் விழும். அப்படி ஒரு சன்னிதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

வெளியே வந்தபோது, சுவரோரம் ஒரு பெண் சாக்குப் பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். அறுபது தாண்டியிருக்கும். “சாப்பிட வாறியளா அக்கா?” என்று கேட்டேன். என் பேச்சு அவருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். “எந்தூரு கண்ணு நீ?” என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்தார்.

இட்லிக் கடையில் அவர் சொன்னவற்றைக் கோவையாகச் சொல்ல என்னால் முடியாது, அவரும் கோவையாகச் சொல்லவில்லை. கணவர் லாரி கிளீனர். குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தார். கடனுக்கு வீடு போனது. மகன் திருப்பூருக்குப் போனவன் போனவன்தான்.

“ராத்திரியெல்லாம் முழிச்சேதான் கெடப்பேன் கண்ணு. பொழுது விடிஞ்சு சனம் நடமாடுனாத்தான் கண்ண மூடுவேன்.”

தெருவில் கிடக்கும் பெண்ணுக்கு ஊரின் கூட்டமும் வெளிச்சமும்தான் கதவு. அந்தக் கதவு இரவில் திறந்து கிடக்கிறது. அதனால் அவள் பகலில் தூங்குகிறாள். நாம் அதைப் பார்த்து, வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடக்கிறாள் என்கிறோம்.

சாம்பார் ஊற்றிய இட்லியைப் பார்த்தபடியே, தாழ்ந்த குரலில் சொன்னார்: “அந்த மனுசன் குடிச்சப்ப எனக்கு வாடையே ஆவாது. இப்ப நானே ராவுக்குக் கொஞ்சம் ஊத்திக்கறேன். இல்லீன்னா குளுரும் பயமும் தாங்கறதில்ல. ஒருக்கா ஒரு எடத்துல கொண்டுபோயி உட்டாங்க. வாடை வருதுன்னு வெளிய அனுப்பீட்டாங்க.”

நகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று வீதம் வீடற்றோர் விடுதி வேண்டும், அது ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை மட்டும் எட்டு லட்சத்துக்கு மேல். அப்படியானால் அங்கே எட்டு விடுதிகள் வேண்டும். எண்ணிக்கையை விட எனக்கு உறுத்துவது வாசலில் வைக்கும் நிபந்தனை. குடியை விட்டால்தான் இடம் என்பது, காய்ச்சல் இறங்கினால்தான் மருந்து என்பதைப் போன்றது. நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் 1992-இல் இதைத் திருப்பிப் போட்டார். முதலில் வீடு, மற்றதெல்லாம் கதவைப் பூட்டித் தூங்கி எழுந்த பிறகு என்றார். பின்லாந்து 2008 முதல் அதை நாட்டின் கொள்கையாகவே வைத்திருக்கிறது. என் அம்மாவும் சித்தியிடம் எதுவும் கேட்காமல்தான் பாய் விரித்தாள்.

அந்த அக்காவை இட்லிக் கடையிலேயே விட்டுவிட்டுத் திருச்செங்கோட்டுக்குப் பேருந்து ஏறினேன். வழியெல்லாம் லாரிப் பட்டறைகள், ஆழ்துளை போடும் ரிக் வண்டிகள். இந்தியாவின் எந்த மூலையில் ரிக் வண்டி நின்றாலும் அதில் பெரும்பாலும் இந்த ஊர்ப் பெயர்தான் எழுதியிருக்கும். வீட்டு ஆண்கள் மாதக்கணக்கில் ஊரில் இல்லாத நிலம் இது. சாலையோடு வந்த நோயும் இங்கேதான் கடுமையாக அடித்தது. இந்தப் பகுதியில் லாரி ஓட்டுநருக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டு, எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளான கௌசல்யா பெரியசாமி, தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் வெளியே வந்து பேசிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். 1998-இல் தன்னைப்போன்ற பெண்களைச் சேர்த்து ஓர் அமைப்பையே கட்டினார். புருஷன் வீட்டார் பெட்டியோடு வாசலுக்கு அனுப்பிய எத்தனையோ இளம் விதவைகளுக்கு, பேச ஓர் ஆள் கிடைத்தது அதன் பிறகுதான்.

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம். வேப்ப மர நிழல், ஓட்டுக் கட்டடங்கள், துவைத்த நூலின் மணம். 1925 பிப்ரவரி 6 அன்று இதைத் திறந்து வைத்தவர் பெரியார் ஈ.வெ.ரா. இடம் கொடுத்தவர் ஊர் ஜமீன்தார் இரத்தினசபாபதி கவுண்டர். வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு ராஜாஜி பிள்ளைகளோடு இங்கே குடிவந்தார். பெரியாரும் ராஜாஜியும் பிற்பாடு எதிரெதிர்த் திசையில் போனவர்கள், ஆனால் அன்று கள்ளுக்கு எதிராக இருவரும் ஒரே பக்கம்தான் நின்றார்கள். 1921-இல் சேலம் தாதம்பட்டியில் தமக்குச் சொந்தமான 500 தென்னைகளை வெட்டிச் சாய்த்தவர் பெரியார். ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் முன்னால் நின்றவர்கள் அவருடைய மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாவும்.

ராஜாஜி இங்கிருந்து ‘விமோசனம்’ என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை நடத்தினார். கல்கி அதில் உதவி ஆசிரியர். குடிகாரக் கணவனால் கடனில் விழுந்து அழிந்துபோகும் ஒரு பெண்ணின் கதையையும் ராஜாஜி எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘திக்கற்ற பார்வதி’. 1974-இல் சிங்கீதம் சீனிவாசராவ் அதைப் படமாக்கினார். கதை முடிந்த பிறகும் அந்தத் ‘திக்கற்ற’ என்ற சொல் என்னை விடுவதில்லை. காலையில் இட்லி சாப்பிட்டவருக்கு அதைவிடச் சரியான சொல் தமிழில் எது?

பத்திரிகையை விட ராட்டைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மழை பொய்த்த கிராமங்களிலிருந்து பெண்கள் நடந்து வந்து நூலைக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிப் போனார்கள். கள்ளுக்கடைக்குப் போகாமல் அடுப்படிக்குப் போன காசு அது.

உள்ளே ஒரு பெண் நூற்றுக்கொண்டிருந்தார். தமிழரான ஏகாம்பரநாதன் உருவாக்கிய அம்பர் ராட்டையின் வழியில் வந்த, எட்டுக் கதிர் ராட்டை. வலது கை சக்கரத்தைச் சுற்ற, எட்டு இழைகள் மூச்சு விடுவதுபோல் நீண்டு சுருங்கின. சட்டென்று நிறுத்தி, நடுவிலிருந்த கதிரில் அறுந்த நுனியைத் தேடியெடுத்து, பஞ்சுத் திரியோடு ஒட்டி விரலால் ஒரு திருகு. இணைந்த இடம் எதுவென்று குனிந்து பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

“கண்ணுல பாத்தாத் தெரியாதுங்க. சக்கரம் கொஞ்சம் லேசாயிரும், கைக்குத் தெரிஞ்சிரும்” என்றார். ஆயிரம் மீட்டர் ஒரு சிட்டம். 2025 ஏப்ரல் முதல் சிட்டத்துக்கு 15 ரூபாய். நாளுக்கு இருபது சிட்டம் ஓட்டுவாராம். “காசு எம்பட கணக்குக்கே வந்துருதுங்க. யாரும் கை வெக்க முடியாது.” அந்த ‘எம்பட’வை அவர் அழுத்திச் சொன்னார்.

கடையில் ஒரு கதர்ப் போர்வை வாங்கிக்கொண்டு சேலத்துக்குப் போனேன். 1937 அக்டோபர் 1 அன்று இந்த ஜில்லாவில்தான் சென்னை மாகாணத்தின் முதல் மதுவிலக்கு வந்தது. ராஜாஜி அரசு அமைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்று சேலம்தான். இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார்கள். உலகப் போர் நடந்தபோது மதுவிலக்கு கைவிடப்பட்டது. 1948-இல் மாகாணம் முழுவதும் வந்தது, 1971-இல் போனது, மறுபடி வந்து மறுபடி போனது. 2023-24-இல் டாஸ்மாக்கால் அரசுக்கு வந்தது 45,000 கோடிக்கு மேல்.

பனையேறிகளின் பிழைப்பு மதுவிலக்குச் சட்டத்தால் அடிபட்டதை நான் மறக்கவில்லை. பதநீரை எங்கள் ஊரில் அக்கானி என்போம், இங்கே தெளுவு என்கிறார்கள். அதைக் காய்ச்சும் அடுப்பின் முன் வெந்ததும் பெண்கள்தான்.

பெண்களின் துயரத்துக்காக எடுத்த எத்தனை முதல் முயற்சிகள் இந்த மண்ணில்! தமிழகத்தின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தருமபுரியில் தொடங்கி அடுத்துச் சேலத்துக்கு வந்தன. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில். முதல் மருந்து இங்கே வந்ததென்றால், காயம் அத்தனை ஆழம் என்றுதான் பொருள்.

சசிபெருமாளின் மேட்டுக்காட்டுக்குப் போனேன். விசைத்தறிச் சத்தம் எல்லாச் சந்திலும் கேட்டது. யாரையும் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. உண்ணாமலைக்கடைக்கு அவர் ஏன் வந்தார் என்று அங்கே நின்றபோது எனக்கு வியப்பாக இல்லை.

இரவு ரயிலுக்கு நாமக்கல் திரும்பினேன். பேருந்து நிலையத்தில், விளக்குக் கம்பத்தடியில் காலையில் பார்த்த அக்கா விழித்தே உட்கார்ந்திருந்தார். போர்வையைக் கொடுத்தேன். விளிம்பை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார்.

“கைநூலா கண்ணு?”

ஆசிரமத்தில் பார்த்ததைச் சொன்னேன். சிட்டத்துக்கு எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் போட்டார்.

“அப்ப ஒரு குவார்ட்டருக்குப் பத்துச் சிட்டம் ஓட்டோணும்.”

பத்துச் சிட்டம் என்றால் பத்தாயிரம் மீட்டர். நான் ஒன்றும் சொல்லவில்லை. போர்வையைத் தோளில் இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு கேட்டார்:

“அங்க ராவுல படுக்க உடுவாங்களா?”

நான் அதைக் கேட்கவே இல்லை. காலை முழுவதும் கூலி கேட்டேன், கதிர் எத்தனை என்று கேட்டேன், இதைக் கேட்கத் தோன்றவில்லை. “கேட்டுச் சொல்லுதேன் அக்கா” என்றேன். அவரிடம் போன் இல்லை. சாக்குப் பைக்குள் துழாவி, இட்லிக் கடையின் பில் ஒன்றை எடுத்தார். கடைக்காரரின் எண் அதில் அச்சாகியிருந்தது. “அவருகிட்டச் சொன்னா எங்கிட்டச் சொல்லுவாரு. காலைல ஏழு மணிக்கு அங்கதான் இருப்பேன்” என்றார்.