பாய்லர் பெரிதாக இருந்தால் போதுமா?

நம் ஸ்கார்பரோ அடுக்குமாடியில் பழைய பாய்லரை மாற்றப்போகிறார்கள். "எதற்கும் கொஞ்சம் பெரிதாகவே போட்டுவிடலாமே" என்கிறார்கள் பலர். கூடாது. டொரோண்டோவில் மைனஸ் 20 டிகிரிக் குளிர் வருடத்தில் சில நாட்கள்தான். மற்ற நாளெல்லாம் பெரிய பாய்லர் எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து எரிவாயுவைத் தின்னும். தானும் சீக்கிரம் தேயும்.

பழைய பாய்லரின் தகட்டில் உள்ள திறன் எண்ணையே எழுதித் தரும் ஒப்பந்தக்காரரை நான் நம்பமாட்டேன். ஜன்னல்களை மாற்றிய கட்டடம் இழக்கும் வெப்பம் குறைந்திருக்குமே! அதைக் கணக்கிட்டு, குளிர்கால எரிவாயு பில்களோடு ஒப்பிடட்டும். சிறியதாக இரண்டு மூன்று வைத்தால், ஒன்று பழுதானாலும் விறைக்கமாட்டோம்.

புகையிலுள்ள நீராவியின் வெப்பத்தையும் மீட்கும் கண்டென்சிங் வகையென்றால், திரும்பி வரும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் முழுச் சிக்கனம். நம் பழைய ரேடியேட்டர்களுக்கு அது ஒத்துவருமா? புதிய பாய்லருக்கு வாக்களிக்குமுன் கேளுங்கள்.