ஈரம் காயும் முன்



சென்ற நோன்பில் தண்ணீர் வைப்பதற்காக, ஜவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசலில் ஒரு சிவப்புப் பானை வாங்கினேன். பத்தே நாள்களில் அதன் மேற்பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தது. வனைந்தவரிடமே எடுத்துச் சென்றேன்.

“அவசரத்துல, நல்லாக் காஞ்ச பானைமேல பூசிட்டேன் பாய்,” என்று அவர் ஒளிக்காமல் சொன்னார்.

செம்மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் துணியில் வடிகட்டிய குழம்பே அந்தப் பூச்சு. அதிலுள்ள இரும்பு, சூளையில் காற்றுப்பட வெந்து சிவக்கிறது. பானை பாதி காய்ந்து ஈரம் மிச்சமிருக்கும்போது பூசினால், இரண்டும் ஒன்றாகச் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். முழுதும் காய்ந்தபின் பூசினால், பூச்சு மட்டும் சுருங்கி விலகிவிடும்.

சுட்ட பானையைப் போல் ஒலிக்கும் களிமண்ணால் மனிதன் படைக்கப்பட்டதை சூரத்துர் ரஹ்மான் (55:14) கூறுகிறது. பலமுறை ஓதியும், என் மகனை அவ்வாறு எண்ணிப் பார்த்ததில்லை.

பிள்ளைகளுக்கு ஏழு வயதில் தொழுகையை ஏவச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். அவனுக்கு ஏழு வயதானபோது நான் வளைகுடாவில் இருந்தேன். ஊர் திரும்பியதும், பதினைந்து வயதுப் பிள்ளைமீது எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் பூச முயன்றேன். என் கண்முன் தொழுதான். நான் இல்லாதபோது விட்டான்.

“காய்ந்துபோனால் வழியே இல்லையா?” என்று கேட்டேன்.

“சுடாத மண்ணை மறுபடி ஊறவைக்கலாம் பாய். நாள்தான் ஆகும்.”

அன்றிரவு மகனை அதட்டவில்லை. அருகில் அமர்ந்து, அவன் பேசுவதைக் கேட்டேன். இப்போது சில நாள்கள் ஃபஜ்ருக்கு என்னுடன் எழுகிறான். சில நாள்கள் எழுவதில்லை. ஊறட்டும். துஆச் செய்யுங்கள்.