மிதக்கும் மாளிகைகளும் டெக் பயணிகளும்

கடல் கடந்த பயணம் என்றால் இன்று நம் நினைவுக்கு வருவது விமானமே. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கண்டங்களை இணைத்தவை பயணிகள் கப்பல்கள். குறித்த நாளில் புறப்பட்டு, குறித்த வழியே சென்று, குறித்த துறைமுகத்தை அடையும் கப்பலுக்கு ‘லைனர்’ என்று பெயர். வரலாறு பயிலும் மாணவனாகிய நான் இக்கப்பல்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, என் உள்ளத்தில் ஒரு கேள்வி வளர்ந்தது. அதை நண்பர்களுடனும் ஆசிரியப் பெருமக்களுடனும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

1838-ஆம் ஆண்டு ‘கிரேட் வெஸ்டர்ன்’ என்னும் நீராவிக் கப்பல் இங்கிலாந்தின் பிரிஸ்டலிலிருந்து சுமார் பதினைந்து நாளில் நியூயார்க்கை அடைந்தது. 1840-இல் சாமுவேல் குனார்டின் ‘பிரிட்டானியா’ அட்லாண்டிக்கைக் கடந்து தபால் சுமக்கத் தொடங்கியது. பிறகு எழுந்தது வேகப் போட்டி. அட்லாண்டிக்கை மிக விரைவாகக் கடக்கும் கப்பலுக்கு ‘நீலப் பட்டை’ என்னும் பெருமை கிடைத்தது. ‘மாரிட்டேனியா’ 1909 முதல் 1929 வரை இருபது ஆண்டுகள் அதைத் தக்கவைத்துக்கொண்டது. 1952-இல் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் கடந்தது. அதன்பின் வந்த எந்த லைனரும் அதை விஞ்சவில்லை.

கப்பலுக்கென்று சடங்குகளும் உண்டு. புதுக் கப்பல் நீரில் இறங்கும்போது அதன் முகப்பில் மதுப் புட்டியை உடைத்துப் பெயர் சூட்டுவார்கள். நிலநடுக்கோட்டைக் கடக்கும்போது மாலுமி ஒருவர் கடலரசன் நெப்டியூனாக வேடமிட்டு வருவார். முதன்முறை கடப்பவர்களுக்கு நுரை பூசி, நீரில் தள்ளி வேடிக்கை செய்வார். முதல் வகுப்பினருக்கோ மாலை விருந்துக்குத் தனி உடை. கேப்டனின் மேசையில் இடம் கிடைப்பது பெரும் கௌரவம்.

இவற்றையெல்லாம் படித்தபோதுதான் அந்தக் கேள்வி எழுந்தது. இந்த மாளிகைகள் யாரால் மிதந்தன?

விடை கீழ்த்தட்டில் இருந்தது. ஐரோப்பாவில் பிழைக்க வழியின்றி அமெரிக்காவுக்குக் குடியேறப் புறப்பட்ட ஏழைகளின் சிறு சிறு கட்டணங்களே கம்பெனிகளுக்குப் பெரும் வருவாய் ஆயின. 1924-இல் அமெரிக்கா குடியேற்றத்தைச் சட்டத்தால் சுருக்கியபோது, கம்பெனிகள் அந்தக் கீழ்த்தட்டு இடங்களைச் செப்பனிட்டு, கல்லூரி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஏற்ற ‘டூரிஸ்ட்’ வகுப்பாக மாற்ற வேண்டியதாயிற்று. ஆபத்து வந்த நாளிலும் தட்டு பார்த்தே விதி அமைந்தது. 1912-இல் மூழ்கிய ‘டைட்டானிக்’ கப்பலில் முதல் வகுப்பினரில் பத்துக்கு ஆறு பேர் பிழைத்தனர். மூன்றாம் வகுப்பினர் ஏறத்தாழ 700 பேரில் பிழைத்தவர் நான்கில் ஒருவரே.

இக்கதைக்கு நம் கரையிலும் ஓர் அத்தியாயம் உண்டு. அதன் பெயர் ‘ரஜுலா’. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்காக 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று இரண்டாம் உலகப் போர்க்காலம் நீங்கலாக, 1973 வரை ஓயாமல் போய் வந்தது. இதன் கொள்ளளவு சுமார் 8,500 டன். ‘குயின் மேரி’யோ சுமார் 81,000 டன். அந்தக் குயின் மேரி ஏற்றிய பயணிகள் சற்றேறக்குறைய 2,100 பேர். அதில் பத்தில் ஒரு பங்கே இருந்த ரஜுலாவுக்குத் தொடக்க காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்ற அனுமதி இருந்தது! இது எப்படி இயலும்? அவர்களுள் மிகப் பெரும்பாலோர் டெக் பயணிகள். அறையில்லை, கட்டிலில்லை, பாய் விரித்த இடமே வீடு.

அப்படிப் பாய் விரித்தவர்களுள் ஒருவர் என் அப்பாயி. 1957-இல், ஒன்பது வயதில், தம் தாயுடன் பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ரஜுலாவில் வந்தார். தந்தை பினாங்கில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். ஏற்றிவிட்டுக் கரையில் நின்றுகொண்டார். பக்கத்துப் பாய்க்காரர்களோடு பகிர்ந்துகொண்ட நார்த்தங்காய் ஊறுகாய், வாந்தியெடுத்துச் சோர்ந்த அம்மா, நாகையில் கப்பல் கரைக்கு வராமல் தொலைவில் நிற்க ஏணி வழியே படகில் இறங்கிய அச்சம் எல்லாம் அவருக்கு நேற்று நடந்ததுபோல் நினைவிருக்கிறது. மேல்தட்டைப் பற்றிக் கேட்டேன். “மேல இருந்தவங்க கடல வேடிக்கை பாத்தாங்க தம்பி. நாங்க நாள எண்ணிக்கிட்டுக் கெடந்தோம்” என்றார். கரையில் நின்ற தந்தையை அவர் மீண்டும் பார்க்கவேயில்லை. அடுத்த ஆண்டு அவர் அங்கேயே காலமானார். எங்கள் வீட்டில் அவருடைய புகைப்படம்கூட இல்லை.

1958-இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கின. சில மணி நேரப் பயணத்துக்கு முன் லைனர்கள் நிற்க முடியவில்லை. ரஜுலா 1974-இல் உடைக்கப்பட்டது. அவ்வழியில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் மாண்டனர். ‘குயின் மேரி’ 1967 முதல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் நிற்கிறது. ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’, கடலடியில் செயற்கைப் பாறைத்திட்டாக மூழ்கடிப்பதற்காக 2025 பிப்ரவரியில் பிலடெல்பியாவிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டது.

எஞ்சியிருப்பது பெரும்பாலும் உல்லாசக் கப்பல். குளிர்காலத்தில் கப்பல் வீணாக நிற்கிறதே என்று 1891-இல் ஜெர்மானியரான ஆல்பர்ட் பாலின் ‘அகஸ்டா விக்டோரியா’வை மத்தியதரைக் கடலுக்குச் சுற்றுலா அனுப்பினார், அந்த யோசனை இன்று உலகத் தொழிலாகிவிட்டது. 2024-இல் பயணம் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ 7,600 பயணிகள் வரை ஏற்றும். அவர்கள் ஏறிய துறைமுகத்துக்கே மகிழ்ந்து திரும்புகிறார்கள். டெக் பயணிக்கு அந்த உறுதி இருந்ததில்லை.

மாளிகைகளின் தட்டுகளும் கரண்டிகளும்கூட அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. விருந்து மேசையின் உணவுப் பட்டியல்களை ஆயிரம் ஆயிரம் கொடுத்து வாங்குவோர் உண்டு. ரஜுலாவின் பாய்களை யார் சேர்த்து வைத்தார்கள்? அப்பாயியைப் போன்றோர் இன்று எண்பதை நெருங்குகிறார்கள், பலர் கடந்துவிட்டார்கள். அவர்களின் நினைவே அந்தப் பயணத்தின் ஆவணம். அது நெடுநாள் நம்மோடு இராது.

நம் கல்லூரியில் நாகை, காரைக்கால், இராமநாதபுரம் பக்கத்து மாணவர்கள் பலர் பயில்கிறோம். நம் வீடுகளில் பினாங்குக் கதை, சிங்கப்பூர்க் கதை இல்லாத வீடு எத்தனை? இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் பெரியவர்களிடம் அமர்வோம். எந்த ஆண்டு, எந்தக் கப்பல், யார் வழியனுப்பினார்கள், யார் திரும்பவில்லை என்று கேட்டு எழுதுவோம். அது நம் வரலாற்றுத் துறை அலமாரியில் ஒரு தொகுப்பாக இடம்பெறட்டும்.