"ஜட்ஜ்!" என்று கூப்பிட்டால்

சிங்கப்பூரில் பழைய கடைத்தொகுதி ஒன்றின் மாடியில் இருக்கிறது அந்தக் கார்டு கடை. ஞாயிறு காலையிலேயே கூட்டம். ஆட்டம், ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் உருவாக்கி 1993இல் வெளியான ‘மேஜிக்: த கேதரிங்’. நான் போனது ஆடுபவர்களுக்காக அல்ல. போட்டியை நடத்துபவர்களைப் பார்க்க.

போட்டி நடந்தது சுவிஸ் முறையில். இதில் தோற்றவர் யாரும் வெளியேறுவதில்லை. சம புள்ளி வைத்திருப்பவர்கள் அடுத்த சுற்றில் மோதுவார்கள். 32 பேர் என்றால் 5 சுற்று, சுற்றுக்கு 50 நிமிடம். கடைக்காரர் மேசைக்கு எண் ஒட்டி, ஜோடிப் பட்டியலைச் சுவரில் மாட்டிவிட்டுக் கடிகாரத்தை ஓடவிட்டார்.

இரண்டாம் சுற்று தொடங்கும்போது ஒரு ஜட்ஜ், அதாவது நடுவர், சத்தமில்லாமல் ஒரு மேசையருகே வந்து நின்றார். ஆட்டக்காரர் இருவரும் தங்கள் டெக்கை (கார்டுக் கட்டை) கலைத்து முடித்து எதிராளியிடம் நீட்டிய கணத்தில் இரண்டையும் வாங்கிக்கொண்டார். திடீர்ச் சோதனை. பின்மேசையில் கார்டுகளை இனவாரியாகப் பரப்பி எண்ணினார்: குறைந்தது 60 இருக்க வேண்டும், அடிப்படை நிலக் கார்டுகள் தவிர எதுவும் நான்குக்கு மேல் கூடாது, ஆட்டக்காரர் முன்பே எழுதிக் கொடுத்த பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு டெக்கை அடுக்கிக் கண்மட்டத்துக்குத் தூக்கி, விளிம்பைப் பார்த்தார். பளபளக்கும் ஃபாயில் கார்டுகள் ஈரக்காற்றில் வளையும். முக்கியமான நாலு கார்டு மட்டும் வளைந்திருந்தால், கலைக்கும்போதே விரல் அவற்றைக் கண்டுபிடித்துவிடும். கார்டுகளின் உறையான ஸ்லீவ்களின் மூலைகளையும் ஒவ்வொன்றாகத் தடவினார். குறையில்லை. சோதனைக்கு எடுத்த நேரத்தோடு 3 நிமிடம் கூட்டி அந்த மேசைக்குத் தந்தார்.

ஒரு பையன் கைதூக்கினான். "இப்போ தாக்கினா நான் தோத்துருவேனா?" ஜட்ஜ் பதில் சொல்லவில்லை. மேசையில் இருந்த கார்டு என்ன செய்யும் என்று மட்டும் விளக்கினார். "அதுக்கு மேல சொன்னா, அவனுக்காக நான் ஆடுன மாதிரி ஆயிடும்க்கா" என்றார் என்னிடம். தெரிந்த விடையை வாய்க்குள்ளேயே வைத்திருக்கும் இந்தக் கட்டுப்பாடுதான் இந்தத் தொழிலில் ஆகக் கடினமானது என்று எனக்குப் பட்டது.

கடைசிச் சுற்றில் சிக்கல். ஒருவர் தவறி ஒரு கார்டு கூடுதலாக எடுத்துவிட்டார். அது கையிலுள்ள கார்டுகளோடு கலந்துவிட்டால், கையைத் திறந்து காட்ட வேண்டும். எதிராளி தேர்ந்தெடுக்கும் ஒன்று டெக்குக்குள் போகும். நல்ல கார்டு பறிபோகலாம். கலக்கவில்லை என்றால், எடுத்த அந்தக் கார்டு மட்டும் திரும்பிப் போகும். கலந்துவிட்டது என்றார் அந்த மேசைக்கு வந்த ஓர் இளம் ஜட்ஜ். ஆட்டக்காரர் முறையீடு செய்தார். உடனே அந்த இளைஞரே தலைமை ஜட்ஜை அழைத்துவந்து, நடந்ததைத் தன் தரப்பு சேர்க்காமல் ஒப்பித்தார். தலைமை ஜட்ஜ் இருவரையும் தனித்தனியே விசாரித்தார். கார்டு மேசையில்தான் விழுந்தது, கையைத் தொடவில்லை என்று எதிராளியே ஒப்புக்கொண்டார். தீர்ப்பு மாறியது, ஓர் எச்சரிக்கையோடு ஆட்டம் தொடர்ந்தது. தன் தீர்ப்பு மாறிய அந்த இளைஞரே கூடுதல் நேரத்தைக் குறித்துக் கொடுத்தார்.