கொட்டாஞ்சேனைக் கராஜில் கற்ற பாடம்

மார்க்கத்தின் பாடங்களை நாம் கிதாபுகளில் ஓதுகிறோம். அவற்றுக்கு விளக்கம் கிடைக்கும் இடமோ சிலவேளை நாம் எதிர்பாராத இடமாக இருக்கும். எனக்கு அப்படி ஒரு விளக்கம் கொட்டாஞ்சேனையில், எண்ணெய் படிந்த ஒரு கராஜில் கிடைத்தது.

வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதைக்குச் சமீபமாக ஒரு வீடு. வீட்டுக்காரர் வபாத்தாகி, அவருடைய மனைவி இத்தா இருந்து முடித்திருந்தார். சொத்துப் பங்கீடு பற்றிக் கேட்க என்னை அழைத்திருந்தார்கள். முற்றத்தில் தார்ப்பாய் போர்த்தி நின்றது ஒரு கார். 1964ஆம் ஆண்டின் எம்.ஜீ. மிட்ஜெட், இரண்டே பேர் அமரக்கூடிய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். மர்ஹூம் அதைப் பிள்ளையைப் போலப் பார்த்தவராம்.

பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மர்ஹூமின் பெற்றோர் முன்பே காலமாகிவிட்டதால் மீதி மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற கணக்கில் போகும். காரைத் துண்டு போட முடியாது. விற்றுத்தான் பங்கிட வேண்டும்.

ஆனால் காரில் குறை இருந்தது. மூன்றாவது கியர் ஓட்டத்தில் தானாகக் கழன்றுவிடும். ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கும். பார்க்க வந்த தரகர் ஒருவர் மெல்லிய குரலில் ஒரு வழி சொன்னாராம்: "கியர் பொக்ஸில் மரத்தூளும் தடித்த எண்ணெயும் போட்டால் சத்தம் அடங்கிவிடும். வாங்குகிறவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான்."

அந்த உம்மா என்னிடம் கேட்டார்: "ஹஸரத், இதுல புள்ளைகள்ட பங்கும் ஈக்கிது. குறைய வித்தா அவங்களுக்கு நட்டம். மறைச்சு வித்தா இவங்கட கபுறுக்கு என்ன போகும்?"

மதீனாவின் சந்தையில் நபிகளார் (ஸல்) தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, அடியிலிருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நாம் அறிவோம். ஈரமான தானியத்தை விற்பது குற்றமல்ல. அதை அடியில் மறைத்ததே குற்றம். கியர் பொக்ஸும் அந்தக் குவியலைப் போன்றதுதான். மேலே மூடி இருக்கிறது. உள்ளே இருப்பது வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாது.

குறையைச் சொல்லிக் குறைத்து விற்கலாம். அல்லது திருத்தி விற்கலாம். திருத்துவதானால் செலவு எல்லாருடைய பங்கிலிருந்தும் போகும், எனவே வாரிசுகள் அனைவரின் சம்மதமும் வேண்டும் என்றேன். கத்தாரில் இருக்கும் மகன் முதலில் மறுத்தார். உம்மா இரண்டு இரவு தொலைபேசியில் பேசிச் சம்மதம் பெற்றார்.

ஒரு ஞாயிறு காலை மருமகன் காரை ஓட்ட, நான் பக்கத்தில் அமர்ந்தேன். காலி வீதி வழியே பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, காலி முகத்திடல் கடந்து, கோட்டை, புறக்கோட்டை நெரிசலில் ஊர்ந்து, சாந்த லூசியா பேராலயத்தின் குவிமாடம் தெரியும் கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்தோம். கராஜ்காரர் ஒரு தமிழ்ப் பெரியவர். எல்லாரும் அவரை 'பாஸ்' என்றே அழைத்தார்கள்.

இந்தக் காரில் கிளட்சை மட்டும் கழற்ற முடியாதாம். எஞ்சினையும் கியர் பொக்ஸையும் சேர்த்தே சங்கிலியில் தூக்கி வெளியே எடுத்தார்கள். கிளட்ச் என்பது எஞ்சினின் சுழற்சியைக் கியருக்குக் கொடுக்கவும் நிறுத்தவும் உதவும் தட்டு. அதில் எண்ணெய் கசிந்து ஊறியிருந்தது. மிதியை மிதிக்கும்போது கிளட்சை அழுத்தும் கரி வளையமும் தேய்ந்து போயிருந்தது. "தேவையில்லாத நேரத்திலும் மிதியில் கால் வைத்துக்கொண்டே ஓட்டினால் இப்படித்தான் தேயும், மௌலவி" என்றார் பாஸ்.

கியர் பொக்ஸைத் திறந்தார். பித்தளை நிற வளையங்களின் கூர் மழுங்கியிருந்தது. அடித்தண்டைத் தாங்கும் ஊசி போன்ற உருளைகள் சில நொறுங்கிக் கிடந்தன. தரகரின் யோசனையைச் சொன்னேன். பாஸ் சிரிக்கவில்லை. "இதுக்கு ஊற்ற வேண்டியது எஞ்சின் எண்ணெய்தான். தடித்த எண்ணெய் ஊற்றினால் கியர் சரியாக விழாது. மரத்தூள் கொஞ்ச நாள் சத்தத்தை மறைக்கும், பிறகு எல்லாவற்றையும் தின்றுவிடும்" என்றார்.

உதிரிப் பாகங்களுக்கு மருதானைக்குப் பக்கத்திலுள்ள பஞ்சிகாவத்தைக்குப் போனோம். தெரு முழுக்க இரும்பு. நம்மவர்களின் கடைகளும் அங்கே நிறைய உண்டு. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. 2020 மார்ச்சிலும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் வழி திறந்தது. புதியது வராத காலங்களில் பழையதைத் திருத்தி ஓட்டவே இந்நாட்டவர் பழகிக்கொண்டார்கள். மிட்ஜெட்டின் பாகங்கள் அரிது. ஆனால் 1098 சீசீ மொரிஸ் மைனரின் கியர் பொக்ஸும் அதே இனத்தைச் சேர்ந்தது என்பதால் வளையங்களும் பெயாரிங்குகளும் கிடைத்தன. முதலாம் கியரின் பல்லுக்கு மட்டும் நல்லது கிடைக்கவில்லை.

மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. கழற்றிய தேய்ந்த பாகங்களை ஒரு பையில் போட்டுத் தந்தார் பாஸ். "வாங்குகிறவருக்குக் காட்டுங்கள். முதலாம் கியர் பழையது, இரையும் என்பதையும் சொல்லுங்கள்" என்றார்.

உம்மா அப்படியே சொன்னார். அதைக் கேட்டு முதலில் வந்தவர் வாங்காமல் போய்விட்டார். வீட்டில் அன்று கொஞ்சம் மனக்கசப்பு. பத்து நாள் கழித்து வந்தவர் பையைக் கொட்டிப் பார்த்தார். "குறையை நீங்களே சொன்னதால் மற்றதையும் நம்புகிறேன்" என்றார். கொஞ்சம் குறைத்துக் கேட்டார்; உம்மா சம்மதித்தார். அன்று மாலையே பங்கு பிரிக்கப்பட்டது.

தையல் துணியோ, பலகாரமோ, பழைய நகையோ விற்கும் சகோதரிகள் நம்மில் பலர். நாம் விற்கும் பொருளிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உட்பக்கம் உண்டு. அதை மறைக்காமல் சொல்லும் துணிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக! மர்ஹூமின் கபுறை விசாலமாக்குவானாக! ஆமீன்.